கிட்டே போகாதவர்

மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்குப் போகிற வழியில் அந்த ஸ்டுடியோ இருந்தது. இப்போது அங்கே செல்போன் கடை. ஸ்டுடியோக்காரரின் பேரை நான் சொல்லப் போவதில்லை. பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்தி ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்காகத்தான் மறைக்கிறேன், அவருக்காக இல்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் எச்சில் கூடிவிடும். எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தால்தான் அடுத்த பேச்சு.

ஆளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மடிப்புக் கலையாத கரை வேட்டி, கழுத்தில் துண்டு, பக்கத்தில் வந்தால் பவுடர் வாசனை. நெற்றியில் ஒன்றும் வைக்க மாட்டார். கட்சிக்காரர். ஆட்சி அவர்கள் கையில் வந்ததிலிருந்து, எந்தக் கூட்டமானாலும் மேடைக்குக் கீழே அவர் நிற்பார். ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. குழந்தை அழுதால் விளையாட்டுக் காட்டிச் சிரிக்க வைத்துவிடுவார். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார், என்னைப் பெற்ற அத்தாவோடு ஒரே தட்டில் கைவைத்துப் பிரியாணி சாப்பிடுவார். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் நடப்பார். இதை எதற்குச் சொல்கிறேன் என்று கடைசியில் தெரியும்.

போட்டோ பிடிப்பதில் அந்தக் காலத்தில் பாதி வேலை மோவாயைத் தூக்குவதுதான். முக்காலியில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்ததும், எப்பேர்ப்பட்ட ஆளும் தலையைத் தொங்கப்போட்டுவிடுவார். போட்டோக்காரர் வந்து ரெண்டு விரலால் மோவாயை நிமிர்த்தி, கொஞ்சம் இப்படித் திருப்பி வைத்துவிட்டு, அசையாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்துபோவார். இவரும் அப்படித்தான் செய்வார். ஊர்க்காரர்களுக்கு விரல், எங்கள் தெருப் பாய்மார்களுக்கும் விரல். சேரியிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் ஸ்கேல்.

ஒரு அடி மர ஸ்கேல். அதன் முனையை மோவாய்க்குக் கீழே கொடுத்துத் தூக்குவார், கன்னத்தில் வைத்துத் திருப்புவார். படம் எடுத்து முடிந்ததும் முனையைத் துடைப்பார். அதற்கென்று தனியாக ஒரு துணி, அந்தத் துணிக்கென்று தனியாக ஒரு ஆணி. எத்தனை துடைத்தும் முனையில் வேர்வை ஏறி ஒரு விரற்கடை கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்புத்தான் எனக்கு முதலில் கண்ணில் நிற்கிறது, அப்புறம்தான் அவர் முகம்.

இதில் கொடுமையான சங்கதி என்னவென்றால், அந்த ஜனங்களுக்கு அது பெருமையாக இருந்தது. ஸ்கேல் ஏதோ தொழில் சாமான் என்று நினைத்துக்கொண்டார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கிற மாதிரி, இவர் மூஞ்சியை அளந்து எடுக்கிறார் என்று நம்பினார்கள். எங்கள் அத்தாவின் இரும்புக்கடைக்கு அரிவாள் வாங்க வருகிறவர்கள், பக்கத்தூர் ஸ்டுடியோவில் வெறும் கையால் எடுக்கிறான், நம்ம ஸ்டுடியோவில் அளந்து எடுக்கிறார்கள் என்று சொல்லி நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அஞ்சலையும் அப்படித்தான் நினைத்தாள். ஊருக்குக் கிழக்கே ஒரு மிராசுதாருடைய பண்ணையில் நடவு ஆள். பொங்கல் கழிந்து மகளைப் படம் எடுக்கக் கூட்டிவந்திருந்தாள். நான் கழுவக் கொடுத்த பிலிமுக்காகக் காத்திருந்தேன். ஸ்கேல் மோவாயில் பட்டதும் அந்தப் பெண்பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. அவர் ஸ்கேலை எடுத்தார், அது மறுபடி தலை குனிந்தது, வேண்டுமென்றே. விளையாட்டு என்று நினைத்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே மறுபடி ஸ்கேலைக் கொடுத்தார். தாயும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இருந்த என் மச்சான் ஒரு கேமரா கொண்டுவந்து கொடுத்திருந்தார். கழற்றி மாட்டுகிற லென்ஸ், ஐம்பது என்று நம்பர் போட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் தங்கியது சொற்பம், இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். நம்பர் பெரிதானால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும், ஆனால் கொஞ்சம்தான் உள்ளே பிடிக்கும். நம்பர் சின்னதானால் நிறையப் பிடிக்கும், ஆனால் நாம் கிட்டே போக வேண்டும். ஐம்பது ரெண்டுங்கெட்டான். முதலில் அது போதும் என்றுதான் இருந்தேன். கை பழகப் பழக இன்னொரு லென்ஸ் மேல் ஆசை வந்துவிட்டது. புதுசாகப் படம் பிடிக்கிற எல்லோருக்கும் வருகிற வியாதி அது. என் கையில் இருந்த பணமோ ஒரு லென்ஸுக்குத்தான் காணும், அதுவும் பழசாகப் பார்த்தால். ஒன்றைத் தப்பாக வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் இன்னொன்று கிடையாது என்ற நிலை.

எனக்கு நூற்று முப்பத்தைந்து மேல்தான் கண். ஸ்டுடியோக்காரர் வைத்திருந்தார். ஒருநாள் என் கேமராவில் மாட்டிக் காட்டினார். கோபுரத்துப் பொம்மையின் மூக்கு என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அவர் என் முதுகில் தட்டினார்.

"இதை வாங்கு தம்பி. கிட்ட போகவே வேண்டாம். கிட்ட போனா படம் கெட்டுப்போயிரும்."

இந்த வார்த்தையை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். அறுவடை நேரத்தில் கூலித் தகராறு வந்து, களத்தில் ஆட்கள் ஒருபக்கமும் போலீஸ் ஒருபக்கமும் நிற்கும். அந்த வருஷங்களில் கதிர் முற்றினால் போலீஸ் வேனும் வரும் என்று இருந்தது. அதையும் அவர் சாலையில் நின்றுகொண்டே எடுப்பார். சேரி தீப்பற்றி எரிந்தபோதும் சாலையில் நின்றுதான் எடுத்தார். நான் அதைத் தொழில் நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமபந்தி விருந்தில்தான் எனக்கு முதல் சந்தேகம். கட்சிக்காரர்கள் நடத்தினார்கள். எல்லா ஜாதியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. உட்கார்ந்தார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் முடிந்து சேரிக்காரர்கள் ஆரம்பிக்கிற இடத்தில் யாரும் சொல்லாமலே ஒரு இடைவெளி விழுந்தது. நடுவில் நாலைந்து இலை போடலாம். பரிமாறுகிறவன் அந்த இடத்தை ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போனான். ஸ்டுடியோக்காரர் வரிசையின் ஒரு கோடிக்குப் போய், அங்கிருந்தும் வெகுதூரம் பின்வாங்கி, அந்த நூற்று முப்பத்தைந்தை மாட்டிக் குந்தி உட்கார்ந்து எடுத்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் வந்துவிட்டார்.

படத்தைப் பெரிசாக்கிக் கட்சி ஆபீஸில் மாட்டினார்கள். அதில் எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். இடைவெளியைக் காணோம். நான் அவரிடம் நடுவில் இடம் இருந்ததே என்று கேட்டேன்.

"இந்த லென்ஸுக்கு எடம் தெரியாது தம்பி. முன்னாடி இருக்கறதையும் பின்னாடி இருக்கறதையும் ஒண்ணா சேத்து ஒட்டிரும். அதான் அதோட அழகு."

சொல்லும்போது கையில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். லென்ஸுக்கு மஞ்சள் துணி. ஸ்கேலுக்கு அந்த ஆணியில் தொங்கிய துணி. ரெண்டையும் மாற்றிவிட மாட்டார், அதில் ரொம்பக் கவனம்.

அப்போது அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருக்கிற கூலியாட்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிக் கொடுப்பது. அஞ்சலைக்குக் குடிசை இருந்தது. அவள் மாமனார் காலத்திலிருந்து இருந்தது. அதைத் தவிர அவளுக்குப் பூமியில் வேறு எதுவும் கிடையாது. புருஷனும் இல்லை. மிராசுதார் அது வீடே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அது அவருடைய மாட்டுக்கொட்டகையை ஒட்டி இறக்கிய சாய்ப்பாம், மாடு பார்க்கிறவர்கள் மழைக்கு ஒதுங்கியிருந்தார்களாம். அதற்கு ஒரு போட்டோவும் வைத்தார். யார் எடுத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. கிராமத்துக் கணக்கு எழுதுகிற கர்ணம் அதை அஞ்சலைக்குக் காட்டியிருக்கிறார். அவள் நேரே எங்கள் இரும்புக்கடைக்கு வந்துவிட்டாள்.

"பாய், நீங்களும் படம் புடிக்கிறீங்கல்ல. வந்து எங்க வீட்டப் புடிங்க. அவரு படத்துல எங்க வீடு போயி கொட்டாயில ஒட்டிக்கிட்டு நிக்கிது. நடுவுல வாய்க்கா ஓடுது பாய். எம் மவ தெனம் அதுலதான் கால் கழுவுறா. அத எங்க கொண்டுபோயி வச்சாரு அவரு?"

அழவில்லை. அவளுக்கு உண்மையிலேயே அது புரியவில்லை, அதைத்தான் கேட்டாள். அப்புறம் இன்னொன்றும் கேட்டாள். "அளந்து எடுக்கிறவராச்சே பாய்?"

மறுநாள் போனேன். கொட்டகை, அடுத்து ஒரு சின்ன வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் குடிசை. தனிக் குடிசை, தனிக் கூரை, தனி வாசல். அவர் எங்கே நின்று எடுத்திருப்பார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மேற்கே மிராசுதாரின் களத்தைத் தாண்டி, கப்பிச் சாலை. அங்கே நின்று கொட்டகைக்கு மேலாக நீள லென்ஸில் பார்த்தால் குடிசை வந்து கொட்டகையின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். சமபந்தி விருந்துதான் மறுபடியும். அங்கே பிரிந்திருந்ததை ஒட்டிக் காட்டினார், இங்கேயும் பிரிந்திருப்பதை ஒட்டிக் காட்டினார். அங்கே கைதட்டினார்கள்.

பக்கவாட்டில் நின்றால்தான் வாய்க்கால் தெரியும். பக்கவாட்டில் வயல். அதுவும் மிராசுதாருடையது, நட்டுப் பச்சை பிடித்திருந்தது. பண்ணைக் காரியக்காரன் ஒருவன் மடையோரம் நின்றுகொண்டு, பாய் என்பதால் மரியாதையாகவே சொன்னான்.

"வரப்புல நின்னு என்ன வேணாலும் எடுத்துக்குங்க. வயல்ல கால் வச்சீங்கன்னா எங்க அய்யாவுக்கு நான் பதில் சொல்லணும்."

வரப்போ குடிசைக்கு வெகு கிட்டே. ஐம்பதில் பார்த்தேன். கொட்டகை தெரிந்தால் குடிசை பாதி வெட்டுப்பட்டது. குடிசை தெரிந்தால் கொட்டகை போயிற்று. வாய்க்காலோடு ரெண்டும் சேர்ந்து வரவே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். முதுகைச் சுவரில் ஒட்டினாலும் ஒரு அடுப்பு, அரைப் பானை, அவ்வளவுதான் பிடித்தது. அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனைக்காக அதிகாரி வந்து விசாரிப்பது எப்போது என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். கீழவாசலில் பழைய கேமரா சாமான் விற்கிற ஒருவர் இருந்தார். நூற்று முப்பத்தைந்து ஒன்று வைத்திருந்தார், அப்பழுக்கில்லாமல். என் கையில் இருந்த பணத்துக்கு அது சரியாக இருந்தது. இருபத்தெட்டு இருக்கிறதா என்று கேட்டேன். தேடி எடுத்தார். முன் கண்ணாடியின் ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. அதனால்தான் எனக்குக் கட்டுப்படியானது, இல்லாவிட்டால் அந்த நம்பரைத் தொட முடியாது. வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கோடு இருந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, பூஞ்சை இருந்தால் மங்கும், நம்ம ஊர் ஈரத்துக்கு அதுதான் எமன் என்றார். பூஞ்சை இல்லை.

கடைக்காரர் நல்ல மனுஷர். "முதல்ல வாங்கறவங்க நீளத்தத்தான் வாங்குவாங்க. கல்யாணம், தேர், மேடை எல்லாத்துக்கும் ஆவும். இது வச்சு என்ன பண்ணுவீங்க? கிட்ட போயி நிக்கணும்ங்க" என்றார்.

நான் நீளத்தை மாட்டித் தெருவைப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் ஒரு கிழவர் பீடி பற்றவைப்பது என் கன்னத்தில் சுட்டது. ஆசை விடவில்லை. பொய் சொல்ல மாட்டேன், வெகுநேரம் அதையேதான் கையில் வைத்திருந்தேன். அப்புறம் அதன் உள்ளே குடிசை வந்து கொட்டகையில் ஒட்டுவது தெரிகிற மாதிரி இருந்தது, இலை போட்ட வரிசை மூடிக்கொள்கிற மாதிரி இருந்தது, பவுடர் வாசனைகூட அடித்தது. கழற்றி மேஜையில் வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். இருபத்தெட்டை மாட்டினேன். கடை முழுக்க உள்ளே வந்தது, ஓரத்தில் என் செருப்பும் வந்தது. அதையே கட்டித் தரச் சொன்னேன்.

திரும்பிவந்து அதே வரப்பில் நின்றேன். வயலில் கால் படவில்லை. கொட்டகை, வாய்க்கால், குடிசை, மூன்றும் ஒரே படத்தில் வந்தன. அந்த லென்ஸ் வாய்க்காலை உள்ளதைவிடக் கொஞ்சம் அகலமாகவும் காட்டியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இல்லாத வாய்க்காலைக் காட்டவில்லை. அப்புறம் குனிந்து உள்ளே போனேன். அடுப்பு, மாமனார் காலத்து அம்மி, கூரைக் கம்பில் தூளி கட்டிய கயிறு தேய்த்த தழும்பு, சுவரில் அளந்து எடுத்த அந்தப் பெண்பிள்ளையின் படம். எல்லாம் படத்தில் விழுந்தது. அஞ்சலை குனிந்தே நின்றாள். நான் போய் மோவாயைத் தூக்கினேன். திடுக்கிட்டுப் பார்த்தாள். அதுவரை யாரும் அவளைக் கையால் தொட்டுப் படம் எடுத்ததில்லை.

பிலிமை ஸ்டுடியோக்காரரிடம் கழுவக் கொடுக்கவில்லை, தஞ்சாவூரிலேயே கழுவினேன்.

விசாரணை அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதிகாரி மேஜையில் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இளவயசு, கண்ணாடி போட்டவர். மிராசுதார் நாற்காலியில், அஞ்சலை மகளைப் பிடித்துக்கொண்டு வாசலில். அதிகாரி ஸ்டுடியோக்காரரை அழைத்தார். அவர் துண்டைச் சரிபண்ணிக்கொண்டு முன்னால் போனார்.

"நடுவுல வாய்க்கா இருக்கா, இல்லையா?"

"படத்துல இல்லீங்க சார்."

"படத்தை நான் பாத்துட்டேன். நீங்க எடத்தைப் பாத்தீங்களா?"

அவர் மென்மையாகச் சிரித்தார். இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவர் மேல் இத்தனை குமட்டல் வந்திருக்காது.

"சேரிப் பக்கம்ங்க சார். நான் கிட்ட போகலீங்க."

தெரியாதா என்கிற மாதிரி சொன்னார். அதிகாரிக்குப் புரிந்துவிடும், அவரும் நம்ம மாதிரி மனுஷர்தானே என்கிற நம்பிக்கை அந்தக் குரலில்.  அதிகாரி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவரே நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். ஸ்டுடியோக்காரர் கப்பிச் சாலையிலேயே நின்றுவிட்டார். அதிகாரி கொட்டகையைத் தாண்டினார், வாய்க்காலில் இறங்கினார், முழங்கால் வரைக்கும் பேண்ட் நனைந்தது, அந்தப் பக்கம் ஏறிக் குனிந்து குடிசைக்குள் போனார். வெளியே வந்து கர்ணத்திடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். மனை அஞ்சலைக்கு ஆயிற்று.

அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசமாட்டார் என்று நினைத்தேன். அந்த வருஷப் பெருநாளைக்கும் வந்தார். அத்தாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டார். கை கழுவும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "அந்த லென்ஸப் போயி வாங்கிட்டியே தம்பி, மூஞ்சியெல்லாம் கோணலா விழுமே" என்று நிஜமான கவலையோடு சொன்னார். கோபம் இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவருக்கு என்மேல் கோபமே இல்லை. தப்பு செய்ததாகத் தெரிந்தால்தானே.

காலம் ஓடிவிட்டது. அத்தா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்ததும் இரும்புக்கடையில் பாதியைத் தடுத்து நான் ஸ்டுடியோ வைத்தேன். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்து அவருடையதை மூடினார்கள். ஒருநாள் பேங்கில் கொடுக்கப் படம் வேண்டும் என்று மகனைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். அதே கரை வேட்டி, அதே பவுடர் வாசனை. பெஞ்சில் உட்காரவைத்தேன்.

அவருக்கு முன்னால் ஒரு பெண் முக்காலியில் இருந்தாள். அஞ்சலையின் மகள்தான், டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குப் படம் எடுக்க வந்திருந்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். வீட்டுக்கு ஓடு போட்டாச்சு மாமா, அதே மனைதான் என்றாள். ரெண்டு விரலால் அவள் மோவாயை நிமிர்த்தி வைத்து எடுத்தேன். பெஞ்சிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போனாள். அவரை முக்காலியில் உட்காரவைத்தோம். வயசில் தலை தொங்கிவிட்டது, மோவாய் நெஞ்சில் கிடந்தது. நான் கையை நீட்டினேன். என் தோளில் சாய்ந்து நடந்த மனுஷர், எங்கள் தட்டில் சாப்பிட்ட மனுஷர், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். என் விரல்களைப் பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார், அவள் போன வழியை.

"ஸ்கேல் ஒண்ணும் வச்சுக்கலியா தம்பி?" என்றார், அதே அன்பான குரலில்.

நான் கையை மடக்கிக்கொண்டேன். பின்னால் நடந்துபோய், இருந்தது இருந்தபடி எடுத்தேன். அவர் செத்தபோது, கடைசியாக எடுத்த படம் அதுதான் என்று வீட்டார் வாங்கிப் போனார்கள். கண்ணீர் அஞ்சலி என்று ஊர்ச் சுவர் முழுக்க ஒட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில், தெப்பக்குளத்து மதிலில், கட்சி ஆபீஸ் வாசலில், எங்கே பார்த்தாலும் அவர்தான், மோவாய் நெஞ்சில் கிடக்க, தரையைப் பார்த்துக்கொண்டு.